இரண்டாவது மாத்திரை

பொழிச்சலூரில் விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொள்வார்கள். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொல்வார்கள். தீபலட்சுமிக்கு மட்டும் அந்த மீதி திரும்பி வராது. "இன்னாமோ சொல்ல வந்தேன்" என்பாள். எதிரே நிற்பவர் சிரிப்பார். அவளும் சிரித்துவிட்டு அடுத்த பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போடப் போய்விடுவாள்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய மாவுக் கடை. பெரிய கிரைண்டர் ஒன்று, சின்னது ஒன்று, ஊறவைக்க நான்கு பிளாஸ்டிக் டப்புகள். ஏழு வருடமாக நடத்துகிறாள். உளுந்து எத்தனை நிமிடம் ஓடினால் சூடேறும், மழைக்காலத்தில் வெந்தயம் எவ்வளவு கூடப் போட வேண்டும், ரேஷன் அரிசி கலந்தால் எந்த அளவோடு நிறுத்த வேண்டும், இதில் எதையும் அவள் மறந்ததில்லை. கை மாவுக்குள் இருக்கும்வரை அவளுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. கையைக் கழுவியதும்தான் சிதறும். அடுப்பில் பால், கொடியில் துணி, கரண்ட் பில்லின் கடைசி நாள். ஒருமுறை பீரோ சாவியை அரிசி மூட்டைக்குள் போட்டுவிட்டு மூன்று நாள் தேடினாள்.

மகள் ஓவியாவுக்கு எட்டு வயது. அம்மாவுக்கு நினைப்பு ஓடியது என்றால் மகளுக்குக் கால் ஓடியது. சாப்பிடும்போது எழுந்து ஓடுவாள், வகுப்பில் பாடம் நடக்கும்போது ஜன்னலுக்கு ஓடுவாள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான் என்பதை தீபா மறந்துபோனாள். நாட்காட்டியில் அவளே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஓவியா கேட்டில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, விமானம் பார்க்கக் கிளம்பிவிட்டாள். பம்மல் மெயின் ரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவளை ஒரு டீக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்தார்.

கணவன் சுகுமார் அன்றைக்குக் கத்தவில்லை. விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை அவனுக்கு, மாதத்தில் பாதி நாள் விடியற்காலை ஷிப்ட். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"இன்னொரு தபா இந்த மாரி எதுனா ஆச்சுன்னா புள்ள அக்கா வூட்டுக்குப் போயிடும் தீபா. சொல்லிட்டேன்."

அக்கா என்றால் அவனுடைய அக்கா கனகவல்லி. செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் சொந்த வீடு. பிள்ளை கிடையாது. அவள் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தை விட்டு அசையாது. ஓவியாவுக்கென்று ஒரு அறையே ஒழித்து வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து போன் அடித்தால் தீபா யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றார்கள். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஜெரூஷா என்ற குழந்தைகள் மனநல டாக்டர் மூன்று முறை வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஏடிஹெச்டி என்றார். கவனம் ஒரு இடத்தில் நிற்காத, உடம்பும் நிற்காத ஒரு நிலை. பிள்ளையின் சேட்டையும் இல்லை, வளர்ப்பின் குற்றமும் இல்லை. தினம் காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. தெருக்கடையில் கிடைக்காத மாத்திரை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டுதான் தருவார்கள். "கரெக்டா ஒண்ணு. மறந்துட்டா விட்டுடுங்க, சேர்த்துக் குடுக்கவே கூடாது" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். தீபா நான்கு முறை தலையாட்டினாள்.

இரண்டு மாதம் எப்படியோ ஓடியது. சில நாள் மறந்தாள். ஒரு நாள் மாத்திரை கை நழுவி ஊறுகிற அரிசிக்குள் விழுந்து, டப்பையே கவிழ்த்துக் கழுவினாள். மாத்திரைப் பட்டையில் இத்தனை இருக்க வேண்டும் என்கிற கணக்கு முதல் வாரத்திலேயே போய்விட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியும் முன்பிருந்தே மழை. சுகுமார் ஷிப்டுக்குப் போயிருந்தான். தெருவில் தண்ணீர் கணுக்கால்வரை நிற்க, கடைக்கு வருகிறவர்கள் படியில் நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டார்கள். ஒருத்தி இரண்டு பாக்கெட் கேட்டாள், ஒருத்தர் நேற்று வாங்கியது புளித்துவிட்டது என்றார். அதற்குள் கரண்ட் போனது, கிரைண்டர் நின்றது. ஓவியாவின் ஒரு ஷூ கிடைக்கவில்லை. கரண்ட் வந்தது. உள்ளே வந்து பார்த்தால் தட்டில் பாதித் தோசை அப்படியே இருந்தது, பக்கத்தில் டம்ளரில் தண்ணீர்.

"ஓவி, மாத்திரை போட்டுக்கினியா?"

ஓவியா கட்டிலுக்கு அடியில் இருந்தாள். "ஷூ கெடச்சிடுச்சு!"

"மாத்திரைடீ."

"ம்."

"ம்னா இன்னா? போட்டுக்கினியா, இல்லியா?"

"தெர்லமா. சத்தம் கேளேன், ஏர் பஸ் போவுது!"

தோசை பாதிதான் ஆகியிருக்கிறது, அப்படியானால் மாத்திரை கொடுத்திருக்க மாட்டோம் என்று தீபா நினைத்துக்கொண்டாள். பட்டையில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். ஓவியா விழுங்கினாள். கிழித்த துண்டைத் தீபா குப்பையில் போட்டாள். எட்டேகாலுக்கு அசரியா அண்ணனின் ஆட்டோ வந்து, தெருவின் மற்றப் பிள்ளைகளோடு அவளையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஒன்பது மணி இருக்கும். சில்லறை எடுக்க நைட்டியின் பையில் கையை விட்டபோது நகத்தில் ஏதோ குத்தியது. வெளியே எடுத்தாள். மாத்திரைப் பட்டையின் கிழித்த துண்டு.

நேற்றையதாக இருக்குமா? நேற்றுப் போட்டது பச்சை நைட்டி. இது காலையில்தான் கொடியிலிருந்து உருவி மாட்டிக்கொண்டது. ஓடிப்போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். காபித் தூளுக்கும் கறிவேப்பிலைக் காம்புக்கும் நடுவே இன்னொரு துண்டு இருந்தது.

இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, பாக்கி குடுங்க" என்று யாரோ சொன்னதற்கு, காசு டப்பாவை அப்படியே அவர் பக்கம் தள்ளினாள். பிறகு குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

அசரியா திரும்பி வந்து தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஸ்கூலாண்ட வுடுண்ணா. சீக்கிரம்."

"இப்பதானம்மா வுட்டுட்டு வந்தேன். இன்னா ஆச்சு?"

"வுடுண்ணா!"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். வகுப்பு மிஸ் ஓவியாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம்.

"காய்ச்சலா? தெரியலியே. இன்னைக்கு ரொம்ப சமத்து. வந்ததுலேர்ந்து உக்காந்த எடத்த விட்டு அசையல."

ஓவியாவின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. கட்டைவிரல் ஓரத்துத் தோலைப் பிய்த்துப் பிய்த்து ரத்தம் வந்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

"மா, எனக்கு உள்ள யாரோ ஓடற மாரி கீது" என்றாள்.

ஆட்டோவில் தீபா அவள் மார்பில் கையை வைத்தாள். சட்டைக்கு அடியில் இதயம் அடித்த வேகத்தில் உள்ளங்கை அதிர்ந்தது. கையை எடுக்க பயமாக இருந்தது, எடுத்தால் நின்றுவிடும் என்பதுபோல. குரோம்பேட்டையில் மழைத் தண்ணீரில் ஜிஎஸ்டி ரோடு முழுக்க வண்டிகள் நின்றன. அசரியா ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார். ஓவியா நிறுத்தாமல் பேசினாள். தண்ணீர் பற்றி, லாரியின் நம்பர் பற்றி, ஷூவுக்குள் மணல் இருப்பது பற்றி. பேச்சு நின்ற ஒரு நிமிடத்தில் தீபா அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பேசுடி. பேசிக்கினே இரு."

போன் அடித்தது. திரையில் கனகவல்லி அக்கா. தீபா எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஐந்தாவது முறை அடிக்கும்போது போனைப் புரட்டி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்து விரலில் கிளிப் மாட்டினார்கள். திரையில் நாடித் துடிப்பு நூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது. மார்பில் ஒயர்கள் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஜெரூஷா மற்ற நோயாளிகளை நிறுத்திவிட்டு வந்தார்.

"எத்தனை மாத்திரை?"

"ரெண்டு மேடம்."

"எத்தனை மணிக்கு?"

"மொதல்ல ஏழரை… இல்ல, ஏழே முக்கா இருக்கும். அப்பால எட்டு மணிக்கு."

"யார் குடுத்தது?"

தீபா சுவரைப் பார்த்தாள். நைட்டிப் பைக்குள்ளிருந்து போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது.

"அவளே எடுத்துப் போட்டுக்கினா மேடம். நான் மாவு அரைச்சிக்கினு இருந்தேன்."

டாக்டர் கட்டிலின் மேல் குனிந்தார். "ஓவியா, நீயா எடுத்துப் போட்டுக்கிட்ட?"

ஓவியா அம்மாவைப் பார்த்தாள். அவளால் எந்தப் பொருளையும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா ஆன்ட்டி. நான்தான். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன்." மூச்சு வாங்கியது. "எங்கம்மா மேல தப்பு இல்ல. அப்பாகிட்ட சொல்லாதீங்க. அத்தை வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

தீபா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய்யி மேடம். அது பொய் சொல்லுது. எனக்காவ சொல்லுது. நான்தான் குடுத்தேன். குடுத்தத மறந்துட்டு மறுபடியும் குடுத்துட்டேன். எம்புள்ள செத்துடுமா மேடம்?"

"எந்திரிங்க. அப்பிடில்லாம் ஒண்ணும் ஆகாது." டாக்டர் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். "துடிப்பு அதிகமா இருக்கு, ஆனா தாளம் சரியா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இங்கயே வெச்சுப் பாப்போம். ஒளிக்காம கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதான் முக்கியம்."

"ஒளிக்கத்தான் பாத்தேன்."

"வந்துட்டீங்கல்ல."

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். எண் நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தீபாவின் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க ஸ்கூல்ல எப்பிடி இருந்தீங்க?"

"நானா?" தீபாவுக்குப் புரியவில்லை. "நான் படிக்கல மேடம். பாதி நாளு கிளாசுக்கு வெளியதான் நிப்பேன். பத்தாவது பரீட்சைக்கு ஹால் டிக்கெட்ட பஸ்ல வுட்டுட்டேன். அதோட சரி."

"தேடலையா?"

"எந்த பஸ்ஸுன்னே ஞாபகம் இல்ல. வூட்ல சொல்லவும் பயம். மண்டைல ஒண்ணும் இல்லாத கழுதைன்னு சொல்வாங்க. நானும் அதான்னு நெனச்சிக்கினேன்."

டாக்டர் இன்னும் கேட்டார். மாவு வேலை எப்படி நடக்கிறது, கோபம் எப்படி, தூக்கம் எப்படி. தீபா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல, எங்கோ ஒரு வலைக்குள் நடந்து போகிறோம் என்று தோன்றியது.

"நான் குழந்தைங்கள பாக்குற டாக்டர். உங்களுக்கு இருக்குன்னு நான் முடிவா சொல்ல முடியாது. ஆனா இது குடும்பத்துல வர்றது. உங்களுக்கும் இது இருக்கலாம். பெரியவங்கள பாக்குற டாக்டர் ஒருத்தர் இங்கயே இருக்கார், எழுதித் தரேன்."

"எழுதாதீங்க மேடம்."

"ஏன்?"

"எழுதுனா அது பேப்பர்ல வந்துடும். பைத்தியம்னு சொல்லி புள்ளைய புடுங்கிக்குவாங்க. இதுக்கு மட்டும் மருந்து குடுங்க. நான் இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்."

"எட்டு வருஷமா ஜாக்கிரதையாத்தான இருக்கீங்க?"

தீபா ஓவியாவின் விரலில் இருந்த கிளிப்பைச் சரிசெய்தாள்.

"டயத்துக்கு மாத்திரை குடு, அட்டவணை போடு, பொறுமையா இருன்னு உங்ககிட்ட அன்னைக்கு ஒரு தாள் குடுத்தேன். உங்களுக்கு எது கஷ்டமோ அதையெல்லாம் உங்களையே செய்யச் சொல்லியிருக்கேன். அன்னைக்கே நான் உங்களப் பத்திக் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு. உங்களுக்கும் சேர்த்துப் பாத்தாத்தான் பொண்ணுக்கு வைத்தியம் நிக்கும்."

அவர் எழுதினார். பேனா தாளில் ஓடும் சத்தம் தீபாவுக்குக் கேட்டது.

அசரியா போனில் சொல்லி, பதினொன்றரைக்கு சுகுமார் கிடங்குச் சட்டையோடு வந்தான். முழங்கால்வரை நனைந்திருந்தான். பின்னால் கனகவல்லி. மறுநாள் வீட்டு விசேஷத்துக்கு மாவு சொல்லிவிட்டுப் போகலாம் என்று பொழிச்சலூருக்கு வந்திருக்கிறாள்.

"கதவு தொறந்து கெடக்குது" என்றாள் கனகவல்லி. "ஆளு இல்ல. கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கினு கீது, உளுந்து கொதிக்கிற மாரி சூடு. அடுப்புல பால் பாத்திரம் கருகி செவசெவன்னு கெடக்குது. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா அந்த தெருவே பத்திக்கினு இருக்கும். இவளுக்கு போன் பண்ணா எடுக்கல. நான் இன்னான்னு நெனைக்கிறது? ரெண்டும் எங்கியோ போயி வுழுந்துடுச்சுன்னு நெனச்சேன்."

அடுப்பு. தீபாவுக்கு அது அப்போதுதான் நினைவு வந்தது.

சுகுமார் மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "இன்னா நடந்துச்சு தீபா?"

இப்போதும் ஒரு பொய் சொல்லலாம். ஓவியா கட்டிலிலிருந்து அதையே எதிர்பார்த்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கத் தயாராக இருந்தாள். அந்தச் சின்ன வாயைப் பார்த்ததும் தீபா பேச ஆரம்பித்தாள்.

"நான்தான் ரெண்டு தபா மாத்திரை குடுத்துட்டேன். அது தெரிஞ்சதும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்தேன். டாக்டர் கேட்டப்ப மொதல்ல புள்ள மேல பழி போட்டேன். அதுவும் ஆமாம்னு சொல்லுச்சு, நீ அத்தை வூட்டுக்கு அனுப்பிடுவேன்னு. எனக்கும் இதே வியாதி இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. எழுதிக் குடுத்துருக்காங்க. இந்தா."

சீட்டை நீட்டினாள். சுகுமார் வாங்கிப் பார்த்தான். எழுத்துப் புரியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மாலை நான்கு மணிக்கு எண் தொண்ணூற்றெட்டுக்கு வந்தது. ஓவியா இட்லி கேட்டாள். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாளைக்கு ஒரு நாள் மாத்திரை வேண்டாம், மறுநாளிலிருந்து பழையபடி ஒன்று.

"கொஞ்ச நாளு அக்காகிட்ட இருக்கட்டும்" என்றான் சுகுமார், யாரையும் பார்க்காமல்.

தீபா ஓவியாவுக்கு ஷூவை மாட்டிவிட்டாள். வெளியே ஆட்டோவில் ஏற்றும்போது ஓவியா அழவில்லை. அதுதான் தீபாவைக் கொன்றது. எந்த விமானத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அத்தையின் பக்கத்தில் சமத்தாக உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு தீபா ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பத்து முறை தொட்டுப் பார்த்தாள். அணைத்திருக்கிறது என்று கண் சொன்னாலும் கை நம்பவில்லை. கிரைண்டர் மோட்டார் கருகிவிட்டதால் சின்னதில்தான் அரைத்தாள். தெருவில் பிள்ளை குரல் கேட்டால் வெளியே வந்து நின்றாள். சுகுமார் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுப் படுப்பான். அந்தச் சீட்டு அவன் சட்டைப் பையில் இருக்கிறதா, துவைத்துக் கிழிந்துவிட்டதா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஏழாம் நாள் மதியம் வாசலில் ஆட்டோ நின்றது. கனகவல்லி இறங்கினாள். எப்போதும் மடிப்புக் கலையாத புடவை, அன்றைக்கு ஒரு பக்கம் சேறாக இருந்தது. கையைப் பிடித்தபடி ஓவியா. ஓவியாவின் தாடையில் பெரிய பிளாஸ்திரி.

தீபாவின் கையிலிருந்த அளவுக் குவளை விழுந்தது.

"மூணு தையல்" என்றாள் கனகவல்லி. "பயப்படாத, நல்லாத்தான் கீறா. தண்ணி குடு மொதல்ல."

ஓவியா ஓடிப்போய்க் கிரைண்டர் மேல் ஏறிக்கொண்டாள். கனகவல்லி அரிசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். தண்ணீரைக் குடிக்கும்போது சொம்பு பல்லில் பட்டு ஒலித்தது.

"மாத்திரைய நான் குடுக்கல தீபா. போதை மருந்துன்னு யாரோ சொன்னாங்க. பச்சப் புள்ளைக்கு எதுக்குன்னு பொட்டியில போட்டு பூட்டிட்டேன். அன்பா வெச்சிக்கினா அடங்கிடும்னு நெனச்சேன். காலைல ஏரிக்கரைல கைய புடிச்சிக்கினுதான் நடந்தேன். ஒரு கொக்கு பறந்துச்சு. அவ்ளோதான். கைய உதறிட்டு ஓடுனா பாரு, சறுக்குல உருண்டு தண்ணியாண்ட போய் கல்லுல வுழுந்தா. ரெண்டு முழம் தாண்டியிருந்தா…" சொம்பைக் கீழே வைத்தாள். "நான் கத்துறேன், சத்தம் வரல."

"அக்கா…"

"ஆறு நாளு. என் கண்ணு அவ மேலதான் இருந்துச்சு. எனக்கு மறதி கெடையாது, வேல வெட்டி கெடையாது. அப்பவும் என் கையில நிக்கல. நீ எப்பிடிடீ எட்டு வருசமா உசுரோட வெச்சிருந்த?"

தீபா குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டாள். கனகவல்லி அவளையே பார்த்தாள்.

"அதுக்காவ உன்ன நம்பி வுட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத. உன்னாண்ட வுடவும் எனக்கு பயமாத்தான் கீது. என்னாண்ட வெச்சிக்கவும் பயமா கீது. அவன் வந்தா சொல்லு, அந்த டாக்டரப் போய்ப் பாக்கச் சொல்லி. ரெண்டு பேருக்கும்."

சுகுமார் அன்றைக்கு வந்து மகளின் தாடையைப் படியிலேயே தொட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து தன் பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தான். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தான்.

"வெள்ளிக்கெழம போலாம்" என்றான்.

பெரியவர்களுக்கான டாக்டரின் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. உள்ளே போவதற்கு முன் நர்ஸ் நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். வீட்டில் கூட இருப்பவர்தான் நிரப்ப வேண்டும் என்றார். தீபா எழுதக் கூடாது. சுகுமார் பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"‘ஒரு வேலையைத் தொடங்கி முடிக்காமல் விடுகிறாரா? எப்போதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி.’"

அவளைக் கேட்காமலே மிக அடிக்கடியில் டிக் போட்டான். பொருள்களைத் தொலைக்கிறாரா? மிக அடிக்கடி. பிறர் பேசும்போது கவனம் சிதறுகிறதா? மிக அடிக்கடி. அவன் பேனா ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் தீபா டிக்குகளை எண்ணினாள். சாட்சி சொல்கிறான் என்றுதான் தோன்றியது. இந்தத் தாள் எங்கேயோ ஒரு பீரோவில் இருக்கும். ஒரு நாள் யாராவது எடுத்துக் காட்டி, இவளிடமா பிள்ளையை விடுவது என்று கேட்பார்கள்.

இரண்டாவது பக்கம் சின்ன வயதைப் பற்றியது. அவன் அவளைக் கேட்க வேண்டியிருந்தது.

"ஸ்கூல்ல அடி வாங்குவியா?"

"டஸ்டர்ல. முட்டி போட வெப்பாங்க. ஒரு தபா மயக்கம் போட்டுட்டேன்."

"எத்தினியாவது படிக்கறப்ப?"

"மூணாவது."

அவன் எதிரே பார்த்தான். ஓவியா, மூன்றாம் வகுப்பு, தாடையில் பிளாஸ்திரியோடு எடை பார்க்கும் மிஷின் மேல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நீ சொன்னதே இல்லியே."

"சொன்னா, நான் எப்பிடின்னு உனக்குத் தெரிஞ்சிடுமே."

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி. அதை அவன் மெதுவாக வாசித்தான். வாசித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "‘இவரால் குடும்பத்தில் உள்ளவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்று அஞ்சுகிறீர்களா? விளக்கவும்.’"

கீழே ஆறு கோடுகள் காலியாக இருந்தன.

அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இல்லை என்று எழுதினால் அது பொய். ஆமாம் என்று எழுதினால் முடிந்தது. அவன் தாளைத் தொடைமேல் சாய்த்து, கையால் மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். ஒரு கோடு, இரண்டு கோடு. நிறுத்தினான். அடித்தான். மறுபடி எழுதினான். அவன் இவ்வளவு எழுதி அவள் பார்த்ததே இல்லை.

அதற்குள் ஓவியா மிஷினை விட்டு இறங்கி நடையின் கோடிக்கு ஓடியிருந்தாள். சுகுமார் தாளைத் தீபாவின் கையில் திணித்தான்.

"நீ குடுத்துடு. நான் அவள புடிக்கிறேன்."

ஒரு செருப்பு பெஞ்சுக்கு அடியிலேயே கிடக்க, அவன் ஓடினான்.

நர்ஸின் மேசைக்கு ஆறேழு அடிதான். தீபா நடுவில் நின்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கிறுக்கலாக, எழுத்துப் பிழைகளோடு இருந்தது.

ஆமாம், பயம் இருக்கு. ஒரு நாள் கேஸ் எரிய விட்டுட்டு போயிட்டாள். மாத்திரை ரெண்டு தடவை குடுத்தாள். ஆனா அன்னைக்கு அம்மாவும் பொண்ணும் சொன்ன பொய் எனக்கு பயந்து சொன்னது. அதுவும் ஆபத்துதான், அது என்னால. காலை ஷிப்ட் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன், ஒண்ணாம் தேதியிலேர்ந்து மதிய ஷிப்ட். காலைல மாத்திரை ரெண்டு பேருக்கும் நான் குடுப்பேன். பொண்ணு அம்மாகிட்டதான் இருக்கும்.

ஷிப்ட் மாற்றியதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை. அவள் இன்னொரு முறை படித்தாள். எழுத்துகள் மங்கின. நடையின் கோடியில் ஓவியா சிரிக்கும் சத்தமும், "நில்லுடி, ஏய் நில்லு!" என்று சுகுமார் மூச்சிரைக்கச் சொல்வதும் கேட்டன.

"தீபலட்சுமி யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டார். "தாள் குடும்மா."

"இருங்க சிஸ்டர்" என்றாள் தீபா. "இன்னும் ஒரு தபா படிச்சுட்டு தரேன்."